இரண்டு டன் கட்டையும் ஓர் இரவு வேலையும்

சாலையில் வேலை நடக்கும் இடத்தைக் கடக்கும்போது ஓரத்தில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தடுப்புக்கட்டைகளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகி, அங்கேயே வார்த்த குட்டைச் சுவர் மாதிரித் தெரியும். உண்மையில் அதில் எதுவும் தரையோடு ஒட்டியிருக்காது. பெரும்பாலும் ஓர் ஆணிகூட அடித்திருக்க மாட்டார்கள். தன் எடையில் சும்மா உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கட்டையோடு ஒரு கம்பியால் கோத்திருக்கும், அவ்வளவுதான். ஓர் இரவில் வந்தது, இன்னோர் இரவில் போய்விடும்.

அந்த இரண்டு இரவுகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். தடுப்பு நின்றுவிட்டால், அதன் பின்னால் பள்ளம் தோண்டுகிறவர்களும் தார் போடுகிறவர்களும் ஓரளவு நிம்மதியாக வேலை பார்க்கலாம். தடுப்பைக் கொண்டுவந்து இறக்குகிறவர்களுக்கு மட்டும் அந்தத் தடுப்பு கிடையாது. மற்றவர்களுக்கான சுவரை அவர்கள் சுவர் இல்லாமல் கட்ட வேண்டும். கட்டையின் வடிவம், கொக்கி, வைக்கும் வரிசை எல்லாவற்றையும் இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும்.

முதலில் வடிவம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு மலைச்சரிவு நெடுஞ்சாலையில் 1946-லேயே கான்கிரீட் நடுத்தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். ஆனால் பெயர் நிலைத்தது நியூ ஜெர்சி மாநிலத்துக்கு. அங்கே 1955-ல் முதலில் வைத்தது வெறும் 46 செ.மீ. உயரம். லாரிகள் அதை ஏறித் தாண்டின. உயர்த்திக்கொண்டே போய், 1959 வாக்கில் 81 செ.மீ.க்கு வந்தார்கள். இன்றைக்கும் 'ஜெர்சி தடுப்பு' என்று சொல்கிற கட்டையின் உயரம் பெரும்பாலும் அதுதான். அடி 60 செ.மீ. அகலம், உச்சி 15 செ.மீ.

அடியிலுள்ள அந்தச் சாய்வு அழகுக்காக வைத்ததல்ல. கார் லேசான கோணத்தில் உரசினால் டயர் சாய்வில் கொஞ்சம் ஏறும். வண்டி ஒரு பக்கம் தூக்கப்படும்போது வேகத்தில் ஒரு பகுதி அதற்கே செலவாகும். பிறகு வண்டி இறங்கித் தன் பாதைக்கே திரும்பும், உடம்புத் தகடு சுவரில் பெரிதாகத் தேயாமலே. ஆனால் ஏறுவது ஓர் அளவைத் தாண்டினால் சின்னக் கார் கவிழ்ந்துவிடும். ஜெர்சி வடிவத்தில் சாய்வு முடிந்து சுவர் நிமிரும் இடம் தரையிலிருந்து சுமார் 33 செ.மீ. இதைப் பற்றிய ஆய்வில் வடிவங்களுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, அந்த முறிவை 25 செ.மீ.க்குக் கீழிறக்கிய எஃப் வடிவம் நன்றாகச் செய்தது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரே வரிசையில் இரண்டையும் கலந்து வைப்பது தவறு. முகங்கள் ஒன்றோடொன்று சேராது, இணைப்புக் கொக்கிகளும் பெரும்பாலும் பொருந்தாது.

சரி, எடைக்கு வருவோம். இந்த அளவுள்ள கட்டை மீட்டருக்குச் சுமார் 600 கிலோ. மூன்று மீட்டர்க் கட்டை ஒன்று 1.8 டன். ஆறு மீட்டர் என்றால் 3.6 டன். ஒரு கிலோமீட்டர் தடுப்புக்கு மூன்று மீட்டர்க் கட்டை 333 வேண்டும். மொத்தம் 600 டன். இருபது டன் ஏற்றும் லாரி முப்பது நடை அடிக்க வேண்டும். ஒரு கட்டையை இறக்கி, கோத்து, அடுத்ததுக்குப் போக மூன்று நிமிடம் என்று தாராளமாகவே நம்பிக்கை வைத்தாலும் கிட்டத்தட்ட பதினேழு மணி நேரம். சாலையை மூட ஓர் இரவில் கிடைப்பது ஆறு மணி நேரம் என்றால் 120 கட்டை, அதாவது 360 மீட்டர்தான் முடியும். ஆகவே ஒரு கிலோமீட்டர் தடுப்பு என்பது குறைந்தது மூன்று இரவு. இந்தக் கணக்கைப் போடாமல் ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிற இடங்களில்தான் அதிகாலை நாலு மணிக்கு அவசரம் தொடங்குகிறது.

இவ்வளவு கனமான பொருள் நகராது என்று தோன்றும். நகரும். தடுப்புகளைச் சோதிக்கும் அமெரிக்க முறையில், 'மேஷ்' என்று சொல்வார்கள், மூன்றாம் நிலைச் சோதனைக்கு 2,270 கிலோ எடையுள்ள பிக்கப் வண்டியை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 25 டிகிரி கோணத்தில் மோத விடுகிறார்கள். அந்தக் கோணத்தில் சுவருக்கு நேர்க்குத்தாக வருகிற வேகம் மட்டும் மணிக்கு 42 கி.மீ. தனியாக நிற்கும் ஒரு மூன்று மீட்டர்க் கட்டையைத் தரை உராய்வு மட்டும் பிடித்து வைத்திருந்தால், அந்த அடியின் ஆற்றலை முழுக்க உறிஞ்ச அது பதினெட்டு மீட்டர்போல வழுக்கிப் போக வேண்டியிருக்கும். இது கைக்கணக்குத்தான், உராய்வைக் கட்டையின் எடையில் பாதி என்று வைத்துப் போட்டது. ஆனாலும் விஷயம் விளங்கும். ஒற்றைக் கட்டையைச் சுவர் என்று சொல்ல முடியாது. வேலையாட்கள் பக்கம் பறந்து வரப்போகிற இன்னொரு பொருள் அது.

அதே கணக்கைப் பத்துக் கட்டைகள் சேர்ந்து இழுபடுவதாகப் போட்டால் ஏறத்தாழ 1.8 மீட்டரில் நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், தரையில் பிணைக்காமல் கோத்து வைத்த எஃப் வடிவக் கட்டைகளை உண்மையாகவே மோதிப் பார்த்த ஒரு முக்கியமான சோதனையிலும் அவை சுமார் இரண்டு மீட்டர்தான் நகர்ந்தன. அந்த வரிசையில் பதினாறு கட்டைகள், மொத்த நீளம் அறுபது மீட்டர்போல. ஆக, தடுப்பின் பலம் கட்டையின் எடையில் மட்டும் இல்லை. எடை எத்தனை கட்டைக்குப் பரவுகிறது என்பதில் இருக்கிறது. பரப்புவது கோத்திருக்கும் அந்தக் கம்பி.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, ஆபத்தான பள்ளத்துக்கு நேராக மட்டும் நான்கு கட்டை வைத்துவிட்டுப் போனால் அது வேலைக்கு ஆகாது. பள்ளத்துக்கு முன்னும் பின்னும் வரிசை நீள வேண்டும். இரண்டு, தடுப்பின் பின்னால் இடம் காலியாக இருக்க வேண்டும். கட்டையை ஒட்டியே மண்ணைக் குவிப்பது, ஜெனரேட்டரை நிறுத்துவது, அதன் மேல் சாய்ந்துகொண்டு கைபேசியில் பேசுவது எல்லாம் எங்கும் பார்க்கிற காட்சி. இரண்டு மீட்டர் பின்னால் வரக்கூடிய சுவர் அது என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த இடமே இல்லாத பாலத்தின் ஓரத்தில், ஒரு முழம் தள்ளிக் கீழே ஆறு ஓடுகிறது என்றால், கட்டையைத் தரையோடு பிணைத்தே ஆக வேண்டும். தார்ச்சாலை என்றால் போக்குவரத்துப் பக்க அடியிலுள்ள துளைகள் வழியாகத் தடித்த இரும்பு முளைகளை அடித்து இறக்குவார்கள். பாலத்தளம் என்றால் போல்ட். அடிபட்ட கட்டை பின்பக்கமாகச் சாயப் பார்க்கும். அப்போது தரையைவிட்டு எழும்புவது முன்பக்கம்தான். அதனால்தான் முளை முன்பக்கத்தில்.

தூக்குவது

கட்டையைத் தூக்க வழிகள் பல. உச்சியிலோ பக்கத்திலோ பதித்த தூக்கு வளையத்தில் சங்கிலி மாட்டிக் கிரேனில் தூக்கலாம். அடியிலுள்ள இரண்டு வாய்களில் ஃபோர்க்லிஃப்டின் கைகளை நுழைக்கலாம். மழைத்தண்ணீர் வடிவதும் அதே வாய் வழியாகத்தான். வெற்றிடத்தால் உறிஞ்சிப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் சாலை வேலையில் அதிகம் பார்ப்பது கத்தரிக் கிளாம்ப்.

சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் இடுக்கியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கைப்பிடியை அழுத்த யாரும் வேண்டாம். மேலே கிரேன் இழுக்க, இரண்டு கைகளும் தாமாகவே உள்பக்கம் நெருங்கும். கட்டை எவ்வளவு கனமோ அவ்வளவு இறுக்கம். கொக்கி மாட்ட ஆள் மேலே ஏற வேண்டாம், கட்டைக்குக் கட்டை நேரம் மிச்சம். இதெல்லாம் நல்லது. ஆனால் இது முழுக்க உராய்வை நம்பிய பிடி. ரப்பர் பட்டையில் சேறோ எண்ணெயோ பனியோ இருந்தால், கான்கிரீட்டின் மேல் பகுதி பொரிந்திருந்தால், பிடி குறையும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டை கீழே அகலம், மேலே குறுகல். கிளாம்ப் ஓர் அங்குலம் வழுக்கினால் அது பிடித்திருக்கும் இடம் முன்பைவிடக் குறுகியது. ஆக, வழுக்க ஆரம்பித்த கட்டை நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. அதனால்தான் பட்டைகள் சுவரின் சாய்வுக்கேற்பத் திரும்பி முழுப் பரப்பும் படிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில கிளாம்ப்களில் தானியங்கிப் பூட்டு இருக்கும். கட்டையைத் தரையில் இறக்கி, சங்கிலி தொய்ந்தவுடன் பூட்டு நிலை மாறும். அடுத்து மேலே இழுத்தால் பிடி விலகி வரும். ஆளே தொட வேண்டாம், அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பூட்டுக்குத் தரை எது, லாரியின் பக்கப்பலகை எது என்று தெரியாது. கட்டை போகிற வழியில் எதன் மேலாவது ஒரு கணம் உட்கார்ந்து எடை குறைந்தாலும், தரை வந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே லாரியிலிருந்து எடுக்கும்போது நன்றாக விலகித் தூக்க வேண்டும். விலகிய பிறகு தாழ்த்தி, தரையிலிருந்து ஓரடிக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும். இரண்டு டன் ஓரடி உயரத்திலிருந்து விழுந்தால் கட்டை உடையும். தலை உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

தொங்குகிற கட்டை சுழலும். அதைக் கையால் பிடித்துத் திருப்ப ஆள் போகக் கூடாது; இரண்டு முனையிலும் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுக்க வேண்டும். சைகை காட்டுகிறவர் ஒருவர்தான். நிறுத்து என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். பிறகு மேலே மின்கம்பி. பகலில் இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் கம்பி எங்கே குறுக்கிடுகிறது என்று தெரியும். இரவில் விளக்கு வெளிச்சம் தரையில் விழும்போது மேலே எல்லாமே கறுப்பு.

லாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வரிசையாக அடுக்கிய கட்டைகளை ஒரே பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே போனால், மிச்ச எடை முழுக்க மறுபக்கம் நிற்கும். சாலையின் பக்கச்சரிவும் அதே பக்கம் என்றால் லாரி சாயும். மாறி மாறித்தான் எடுக்க வேண்டும். பெல்ட்டையும் மொத்தமாக அவிழ்த்துவிடாமல் எடுக்கப்போகிற கட்டைக்கு மட்டும் அவிழ்ப்பது நல்ல பழக்கம்.

வைப்பது

வரிசை எங்கே தொடங்குகிறது என்பது விருப்பம் இல்லை, விதி. போக்குவரத்து வருகிற திசையில் இருக்கும் முனையிலிருந்து தொடங்கி, வண்டிகள் போகிற திசையிலேயே நீட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் கட்டை வந்துவிட்டால் இரண்டாவதை வைக்கிறவருக்கு அது கொஞ்சம் மறைவு. பத்தாவதை வைக்கும்போது ஒன்பது கட்டை மறைவு. எதிர்முனையிலிருந்து தொடங்கினால், வைத்த கட்டை எதுவும் அவர்களைக் காக்காது. ஒவ்வொரு கட்டையின் மொட்டை முனையும் வருகிற வண்டியைப் பார்த்து நிற்கும். எடுக்கும்போது இதற்கு நேர் தலைகீழ். கடைசியில் வைத்ததை முதலில் எடுத்து, போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் பின்வாங்கிக்கொண்டே வர வேண்டும்.

முதல் கட்டை இறங்குவதற்கு முன்னால் எதுவுமே இல்லையே, அப்போது? அறிவிப்புப் பலகைகள், லேனைச் சாய்வாக மூடும் கூம்புகள், இவற்றுக்குப் பிறகு ஒரு நிழல் வண்டி. பின்புறம் மோதல் மெத்தை, அதாவது மோதும் வண்டியின் வேகத்தை நசுங்கி உள்வாங்கும் அமைப்பு, பொருத்திய கனரக லாரி அது. வேலையாட்களுக்கும் வருகிற போக்குவரத்துக்கும் நடுவே, இடைவெளி விட்டு நிற்கும். யாராவது தூங்கிக்கொண்டே கூம்புகளைத் தள்ளிக்கொண்டு வந்தால் மோத வேண்டியது அதன் மேல். மோதினால் அந்த லாரியே சில மீட்டர் உருளும், இடைவெளி அதற்காகத்தான். அந்த இடைவெளியில் டூல்ஸ் பெட்டியை வைத்துவிட்டு எடுக்கப் போகிறவர்கள் உண்டு.

இப்போது இணைப்பைக் கிட்டத்தில் பார்க்கலாம். பரவலாக உள்ள ஒரு வகையில் கட்டையின் இரு முனையிலும் இரும்பு வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனையின் வளையங்கள் மறுமுனையினுடையவற்றைவிடச் சற்று உயரம் மாறி இருக்கும். புதுக் கட்டை இறங்கி நெருங்கும்போது இவை ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, துளைகள் நேராக வர வேண்டும். அதன் வழியாக 32 மி.மீ. தடிமனான கம்பியை மேலிருந்து போடுவார்கள். காகிதத்தில் படம் வரைந்தால் எளிது. இரவில், தரை ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும்போது, வளையம் ஒன்று போன வேலையில் யாரோ பிடித்துத் தூக்கியதில் நெளிந்திருக்கும்போது, கம்பி பாதியில் மாட்டிக்கொள்ளும். பாதி இறங்கிய கம்பி மேல் வளையத்தை மட்டும் பிடிக்கும், கீழ் வளையம் சும்மா தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா இணைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சுத்தியல் எடுத்துத் தட்டிப் பார்க்கிறவருக்கு மட்டுமே தெரியும். இணைப்பு வளையத்தில் கொக்கி மாட்டித் தூக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வளையத்தைச் சரிசெய்கிறேன் என்று இரண்டு கட்டைக்கும் நடுவே கை வைக்கிறவர்கள் விரலை இழக்கிறார்கள். அந்த இடத்தில் கடப்பாரைதான் போக வேண்டும்.

கம்பி போட்டதும் வேலை முடிந்துவிடவில்லை. கட்டையைக் கடப்பாரையால் நெம்பியோ மெல்ல இழுத்தோ, வளையங்கள் கம்பியை இறுக்கிப் பிடிக்கும்வரை தள்ள வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தொய்வு இருந்தால் யாருக்கும் தெரியாது. இருபது இணைப்பு சேர்ந்தால் அது அரை மீட்டர். மோதும் வண்டி முதலில் அந்தத் தொய்வை எல்லாம் தின்றுவிட்டுத்தான் சங்கிலியை இழுக்க ஆரம்பிக்கும். அதுவரை அடி வாங்கிய கட்டை ஏறத்தாழத் தனிக்கட்டைதான். இரண்டு மீட்டர் என்ற கணக்கெல்லாம் இறுக்கி வைத்த வரிசைக்குச் சொன்னது. என்னைக் கேட்டால், ஒரு தடுப்பு வரிசை ஒழுங்காக வைக்கப்பட்டதா என்று பார்க்க, நேர்கோடாக இருக்கிறதா என்பதைவிட இந்த இறுக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். நேர்கோடு படத்துக்கு நன்றாக இருக்கும்.

நேர்கோடும் தேவைதான், மறுக்கவில்லை. சுண்ணாம்புக் கோடோ கயிறோ போட்டுத்தான் வைக்கிறார்கள். பல்லைப் போல முன்னே துருத்தி நிற்கும் ஒரு முனை போதும், உரசி வருகிற வண்டியைக் கொக்கி போட்டு இழுக்க. வளைவுகளில் நீளக் கட்டை சரியாக வராது, குட்டைக் கட்டைதான் தோது. தரையில் ஜல்லி சிதறியிருந்தால் பெருக்க வேண்டும். ஜல்லி மேல் உட்கார்ந்த கட்டை உருளை மேல் உட்கார்ந்த மாதிரி. அடி வாய்களை மண் அடைத்தால் மழைத்தண்ணீர் லேனில் தேங்கும், பிறகு தடுப்பே வழுக்கலுக்குக் காரணம் ஆகும்.

மிகவும் கவனம் வேண்டியது வரிசையின் முனை. மொட்டையாக நிற்கும் கான்கிரீட் முனையில் நேராக மோதுவது, தடுப்பே இல்லாமல் பள்ளத்தில் இறங்குவதைவிட மோசமாகக்கூட முடியலாம். ஒன்று, முனையை மெல்லச் சாய்த்து, வண்டிகள் எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் முன்னால் மோதல் மெத்தை. அதில் எளிமையானது மணல் பீப்பாய்கள். கண்டுபிடித்தவர் ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கக் கார்ப் பந்தய வீரர். 1955 லெ மான் பந்தயத்தில் அவருடைய ஜோடி ஓட்டுநர் பியர் லவே ஓட்டிய கார் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு ஃபிட்ச் சாலைப் பாதுகாப்புக் கருவிகளில் இறங்கினார். அவருடைய பீப்பாய்களில் முன்வரிசையில் 90 கிலோபோல மணல், பின்னால் போகப் போக அதிகமாகி ஒரு டன்னை நெருங்கும். வண்டி ஒவ்வொரு வரிசையாக உடைத்துக்கொண்டு வேகம் இழக்கும். வரிசையை மாற்றி, கனமான பீப்பாயை முன்னால் வைத்துவிட்டால்? வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள் பீப்பாய்தான்.

தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். உள்ளே இரும்புச் சட்டம் இருந்து, மோதல் சோதனையும் முடித்தவை உண்டு. மற்றவை வழிகாட்டத்தான், தடுக்க அல்ல. தண்ணீர் ஊற்ற மறந்த பிளாஸ்டிக் கட்டையைக் காற்றே நகர்த்தும்.

இவ்வளவு பாடும் நாளுக்கு நாள் நகர்த்த வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று யோசித்தவர்கள் வேறு வழி கண்டார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தில் எட்டு லேன்கள். 1990 முதல் அங்கே நடுத்தடுப்பையே நகர்த்தி, நெரிசல் பக்கத்துக்கு ஐந்து, மறுபக்கத்துக்கு மூன்று என்று மாற்றுகிறார்கள். சுமார் ஒரு மீட்டர் நீளக் குட்டைக் கட்டைகள், கீல் போட்டுக் கோத்தவை. உச்சி 'டி' வடிவத்தில் இருக்கும். ஒரு நீள வண்டி அந்த உச்சியின் அடியில் உருளைகளைக் கொடுத்துச் சங்கிலியைத் தூக்கி, தன் வயிற்றுக்குள் பாம்பு மாதிரி வளைத்து, மறுபுறம் ஒரு லேன் தள்ளி இறக்கிவிட்டுப் போகும். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்திலும் 2015 ஜனவரியில் இதை வைத்தார்கள். அதுவரை அங்கே லேன் பிரித்தது கையால் எடுத்து நட்ட பிளாஸ்டிக் குழாய்கள். நீண்ட நாள் நடக்கும் பெரிய சாலை வேலைகளிலும் இந்த வண்டி வருகிறது. ஆள் ஒருவரும் சாலையில் இறங்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பெரிய லாபம். ஆனால் வண்டியும் அந்தத் தனிவகைக் கட்டைகளும் விலை கூடியவை, ஆகவே பெரும்பாலான இடங்களில் கிரேனும் கடப்பாரையும்தான்.

கடைசி இரவில் எல்லாம் திரும்ப நடக்கும். மாதக்கணக்கில் நின்ற கட்டையில் அடிபட்ட தழும்புகள் இருக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தெரியும் அளவுக்குச் சிதைந்ததை ஒதுக்கி வைக்க வேண்டும். லாரியில் மற்றவற்றோடு ஏற்றிவிட்டால் அது அடுத்த வேலையில் யாருக்கோ சுவராக நிற்கும். துருப்பிடித்த இணைப்புக் கம்பி சுலபமாக மேலே வராது. வந்தாலும் அவசரத்தில் இரண்டு கட்டைக்கு முன்னாலேயே உருவி வைத்துவிடக் கூடாது. அன்றைக்கு எடுக்க முடியாமல் போன கட்டைகள் கோக்காமலே விடியும்.

வரிசை முனையை நோக்கிக் குறைந்துகொண்டே வரும். கடைசிக் கட்டை எழும்பும்வரை மோதல் மெத்தை அதன் முன்னால் இருக்கும். பிறகு மெத்தை. அப்புறம் கூம்புகள் மட்டும். அவற்றை ஒருவர் மெதுவாகப் பின்னோக்கி வரும் லாரியின் பக்கத்தட்டில் நின்று, குனிந்து, ஒவ்வொன்றாக எடுப்பார். திறந்துவிட்ட லேனில் முதல் வண்டி அவரைக் கடக்கும்போது இடையில் இருப்பது ஒரு வெள்ளைக் கோடு.